‘ஸ்டேபிளா இருக்கார்’ என்று சொல்லும் டாக்டர்களுக்கு

ஐசியூ கதவைத் திறந்து வெளியே வந்து, காத்திருக்கும் எங்களிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு மறுபடி உள்ளே போகும் டாக்டர்களுக்கும், இரவுப் பணி நர்சுகளுக்கும், ஹவுஸ் சர்ஜன்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டும். ‘ஸ்டேபிள்.’ ஐசியூ வாசலில் இதைவிட அதிகம் புழங்கும் ஆங்கிலச் சொல் வேறு இருக்காது என்றே நினைக்கிறேன். “எப்படி இருக்கார் டாக்டர்?” என்று கேட்டால், “ஸ்டேபிளா இருக்கார், நாளைக்குப் பார்க்கலாம்” என்று பதில் வருகிறது. நீங்கள் ஒரு பொருளில் சொல்கிறீர்கள், நாங்கள் வேறொரு பொருளில் வாங்கிக்கொள்கிறோம். அந்த இடைவெளியில் குடும்பங்கள் எடுக்கும் முடிவுகள் பிறகு திருத்த முடியாதவை.

நீங்கள் சொல்வது இதுதான்: பிபி, நாடித்துடிப்பு, மூச்சு, ஆக்சிஜன் அளவு எதிலும் கடந்த சில மணி நேரத்தில் பெரிய ஏற்ற இறக்கம் இல்லை, காலையில் எப்படி இருந்தாரோ மாலையிலும் அப்படியே இருக்கிறார். காலையில் அவர் இருந்தது நல்ல நிலையா, மோசமான நிலையா என்பதைப் பற்றி அந்தச் சொல் வாய் திறப்பதில்லை. எங்கள் காதிலோ அது ‘ஆபத்து நீங்கிவிட்டது’ என்று விழுகிறது.

என் அத்தானை நிமோனியாவோடு ஐசியூவில் சேர்த்திருந்தோம். கிருமி ரத்தத்தில் பரவி பிபி இறங்கிவிட்டது. வென்டிலேட்டர் வைத்திருந்தார்கள். மாலையில் பார்வையாளர் நேரம் முடிந்து எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது டாக்டர் வெளியே வந்தார். களைத்திருந்தார், ஆனாலும் நின்று பேசினார். “பிபி மெயின்டெய்ன் ஆகுதும்மா. ஸ்டேபிளா இருக்கார். நாளைக்குக் காலையில பார்க்கலாம்.” அக்கா அங்கேயே சுவரோரமாகப் போய் நின்று குவைத்தில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். “அப்பா ஸ்டேபிளா இருக்காராம்டா. பயப்பட ஒண்ணுமில்லையாம்.”

இரண்டாவது வாக்கியத்தை டாக்டர் சொல்லவில்லை. அக்கா பொய்யும் சொல்லவில்லை. முதல் வாக்கியத்தின் பொருள் அதுதான் என்று அவள் நம்பினாள். மகன் தன் மனைவிக்குச் சொன்னபோது அது “அப்பாவுக்குத் தேவலையாம்” என்று ஆகிவிட்டது. அன்றிரவு விமானத்துக்கு எடுத்திருந்த டிக்கெட்டை வார இறுதிக்கு மாற்றிக்கொண்டான். மறுநாள் விடிவதற்கு முன் அத்தான் போய்விட்டார். பிள்ளை அப்பாவை ஐஸ் பெட்டிக்குள்தான் பார்த்தான்.

டாக்டர் சொன்னதில் தவறே இல்லை. பின்னால் மருத்துவமனை கொடுத்த காகிதங்களை உட்கார்ந்து படித்தேன். அந்த மாலையில் பிபி உண்மையிலேயே ஒரே அளவில்தான் நின்றிருக்கிறது. பம்ப்பில் இடைவிடாமல் ஓடிய நார்அட்ரினலின்தான் அதை அங்கே நிறுத்தியிருந்தது. ஆங்கிலத்தில் அது ‘ஸ்டேபிள்’தான். எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது, அந்த மருந்து இல்லாவிட்டால் பிபி எங்கே நிற்கும் என்பது.

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துப் பிழைப்பவள். அதனால் அந்தச் சொல்லை விட்டுவிட முடியவில்லை, அகராதிகளைப் புரட்டினேன். ‘ஸ்டேபிள்’ என்று இரண்டு பதிவுகள் இருக்கின்றன. ஒன்று குதிரை லாயம், மற்றொன்று நிலையானது. பள்ளிக்கூடத்தில் இவற்றை எழுத்து ஒத்துப்போன இரு வேறு சொற்கள் என்று படித்தோம். உண்மையில் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். லத்தீனில் ‘ஸ்டாரே’ என்றால் நிற்பது. அதிலிருந்து ‘ஸ்டாபுலும்’, நிற்கும் இடம்: மாடும் குதிரையும் நிற்கிற கொட்டில், வழிப்போக்கர் தங்கும் சத்திரம் இரண்டுக்கும் அந்தப் பெயர் இருந்தது. அதே வேரிலிருந்து ‘ஸ்டாபிலிஸ்’, அசையாமல் நிற்பது. இரண்டும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குள் வந்தன; வால் தேய்ந்து, ஒரே எழுத்தும் ஒரே ஒலியுமாகிவிட்டன. குதிரைக்கு ‘நிற்கும் இடம்’ என்ற பெயர் நன்றாகவே பொருந்துகிறது. கால் மூட்டுகளைத் தசைநார்கள் பூட்டிக்கொள்ள, அது நின்றபடியே தூங்கக்கூடிய பிராணி.

இன்னொன்றும் தெரிந்தது. ரோமப் பேரரசின் கடைசிக் காலத்தில் அரச லாயத்துக்குப் பொறுப்பான அதிகாரியை ‘கோமெஸ் ஸ்டாபுலி’ என்றார்கள். பிரான்சில் அந்தப் பதவி வளர்ந்து வளர்ந்து படைத்தலைமையாகவே ஆகி, 1627-ல் ஒழிக்கப்பட்டது. இங்கிலாந்தில் கீழே இறங்கி ஊர்க்காவல் ஆளின் பெயரானது. 1285-ல் வந்த வின்செஸ்டர் சட்டத்திலேயே அவரைப் பார்க்கலாம். அங்கிருந்து கப்பலேறி நம் ஊருக்கு வந்தவர்தான் கான்ஸ்டபிள். அவர் வேலை பார்க்கிற ‘ஸ்டேஷ’னும் அதே ‘நிற்றல்’ வேரில் பிறந்ததுதான்.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வேர் முழுக்கத் தேடியும் ‘நலம்’ என்ற பொருள் எங்கேயும் இல்லை. நிற்பது ஒன்றுதான் இருக்கிறது. நம் ‘நில்’லும் அப்படித்தான்: நிலை, நிலையம், நிலைமை, வாசல் நிலை எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆனால் தமிழில் நாம் நிற்பதற்கும் நிலைக்கு வருவதற்கும் வேறுபாடு வைத்திருக்கிறோம். தேரோட்டம் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வடக்கு வீதித் திருப்பத்தில் தேர் நிற்கும். சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை கொடுத்து, கட்டை போடுகிறவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருப்பார். தேர் அசையாமல்தான் நிற்கிறது. ஆனாலும் தேர் நிலைக்கு வந்துவிட்டது என்று யாரும் வீட்டுக்குப் போவதில்லை. புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்த பிறகுதான் அந்தப் பேச்சு. வென்டிலேட்டரும் நார்அட்ரினலினும் டயாலிசிஸும் அந்தக் கட்டைகள். கட்டை கொடுத்து நிறுத்தியிருக்கிறீர்கள் என்பதை எங்களிடம் சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஒரே மருத்துவமனைக்குள் மாடிக்கு மாடி இந்தச் சொல்லுக்குப் பொருள் மாறுவதையும் நீங்கள் அறிவீர்கள், நாங்கள் அறிய மாட்டோம். இதயப் பிரிவில் ‘ஸ்டேபிள் ஆஞ்சைனா’ என்றால், இவ்வளவு தூரம் நடந்தால் நெஞ்சு வலிக்கும், நின்றால் விட்டுவிடும் என்று கணிக்கக்கூடிய வலி. ரத்தக்குழாய் அடைப்பு அப்படியேதான் இருக்கிறது. உட்கார்ந்திருக்கும்போதே வந்தாலோ, நாளுக்கு நாள் கூடினாலோ அது ‘அன்ஸ்டேபிள்’. உடனே ஓடி வர வேண்டியது. எலும்புப் பிரிவில் முறிந்த எலும்பு இடம் நகராது என்றால் ‘ஸ்டேபிள்’. எலும்பு முறிந்தது முறிந்ததுதான்.

புற்றுநோய்ப் பிரிவில் இந்தச் சொல்லுக்கு அளவுகோலே இருக்கிறது. 2000-ல் வெளியாகி 2009-ல் திருத்தப்பட்ட ‘ரெசிஸ்ட்’ விதிகளின்படி, கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிப் பார்த்து, தொடக்கத்தில் இருந்ததைவிட 30 சதவீதமாவது சுருங்கினால் சிகிச்சைக்குப் பலன் கிடைத்திருக்கிறது என்கிறார்கள். அதுவரை பதிவான மிகக் குறைந்த அளவைவிட 20 சதவீதமாவது வளர்ந்தால் நோய் முற்றுகிறது. இரண்டுக்கும் நடுவில் எங்கே இருந்தாலும் ‘ஸ்டேபிள் டிசீஸ்’. கொஞ்சம் சுருங்கியிருந்தாலும் அந்தப் பெயர்தான், கொஞ்சம் வளர்ந்திருந்தாலும் அந்தப் பெயர்தான். ஸ்கேன் அறிக்கையில் இந்த இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டு வரும் நோயாளி குலதெய்வத்துக்கு நேர்த்திக்கடன் செலுத்தப் போகலாம், இடிந்தும் போகலாம். இரண்டுக்கும் அந்த அறிக்கையில் ஆதாரம் இல்லை. சில நோய்களில் வளராமல் நிற்பதே பெரிய வெற்றி என்பதையும் அங்கே யாராவது வாய்விட்டுச் சொன்னால்தான் தெரியும்.

விபத்துப் பிரிவில் அது வினைச்சொல்லாகவே ஆகிவிடும். “ஸ்டேபிலைஸ் பண்ணி ஜிஹெச்சுக்கு அனுப்புறோம்.” ரத்தப்போக்கை நிறுத்தி, மூச்சுக்குழாயைப் பாதுகாத்து, டிரிப்ஸ் ஏற்றி, ஆம்புலன்ஸ் பயணத்தைத் தாங்கும் அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்று பொருள். உறவினர் காதில் ‘வைத்தியம் பார்த்தாகிவிட்டது, மீதி அங்கே’ என்று விழுகிறது. தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48’ திட்டம் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. அந்த மணி நேரங்கள்தான் உயிரைத் தீர்மானிப்பவை என்பதுதானே அதன் அடிப்படை? அந்த நேரத்தில் கூட வந்தவரிடம் சொல்லும் சொல்லும் தெளிவாக இருக்க வேண்டாமா?

நாளிதழ்களும் இதில் உங்களுக்கு உதவவில்லை. மருத்துவமனை அறிக்கையில் ‘ஸ்டேபிள்’ என்று வந்தால் செய்தியில் ‘உடல்நிலை சீராக உள்ளது’ என்று போடுவது வழக்கமாகிவிட்டது. சீர் என்றால் ஒழுங்கு, செம்மை. ‘மாறாமல் இருக்கிறது’ என்பதை ‘செம்மையாக இருக்கிறது’ என்று ஆக்குவது என் தொழிலைச் சேர்ந்தவர்கள் செய்யும் பிழை. ‘மாற்றமில்லை’ என்று எழுதினால் போதும். மறுபக்கம் ‘கவலைக்கிடம்’ என்று ஒரு சொல். அதைப் படித்ததும் ஊரே முடிவு கட்டிவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் எங்களுக்குச் சொல்லே இல்லாமல் போயிற்று. நோயாளிகளில் பெரும்பாலானோர் இருப்பதோ அந்த நடுவில்தான்.

இது நம் ஊர்ச் சிக்கல் மட்டும் இல்லை. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் இந்தச் சொல் குழப்பியிருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகள் சங்கம், நோயாளியின் நிலையை வெளியே சொல்ல ஐந்து சொற்களைப் பரிந்துரைத்தது: இன்னும் தெரியவில்லை, நன்று, பரவாயில்லை, மோசம், மிக மோசம் என்று தமிழில் சொல்லலாம். கூடவே ஒரு எச்சரிக்கையும் வைத்தது. ‘ஸ்டேபிள்’ என்பதை ஒரு நிலையின் பெயராகப் பயன்படுத்தக் கூடாது. மற்றச் சொற்களோடு ஒட்டியும் சொல்லக் கூடாது. ஆனால் ‘கிரிட்டிக்கல் பட் ஸ்டேபிள்’ அங்கேயும் ஓயவில்லை, இங்கேயும் ஓயவில்லை. மிக மோசமான நிலையில் இருப்பவர் எந்த நேரமும் மாறக்கூடியவர். அவரை நிலையானவர் என்றால் கேட்பவர் எதைப் பிடித்துக்கொள்வார்? எங்களுக்கு எது ஆறுதலோ அந்தப் பாதியைத்தான் பிடித்துக்கொள்வோம். மனித இயல்பு அது.

உங்கள் துறையே கட்டையைக் கணக்கில் சேர்க்கும் வழியைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது என்பதை அறிந்தபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. லண்டன் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் கொண்டுவந்து 2017-ல் திருத்திய ‘நியூஸ்-2’ மதிப்பெண் முறையில் மூச்சு, ஆக்சிஜன் அளவு, பிபி, நாடி, நினைவு, காய்ச்சல் ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. கூடினால் ஆபத்து, 7-ஐத் தொட்டால் அவசரம். அதில் ஒரு விதி: ஆக்சிஜன் வைத்துக்கொண்டிருக்கும் நோயாளிக்குக் கூடுதலாக 2 மதிப்பெண். மானிட்டரில் 97 காட்டலாம். மாஸ்க் போட்டு 97 என்பதும் மாஸ்க் இல்லாமல் 97 என்பதும் ஒன்றில்லை என்று அந்தத் தாள் ஒத்துக்கொள்கிறது. நர்ஸ் தாளில் குறிக்கும் அந்த 2 மதிப்பெண்ணை வெளியே நிற்கும் மனைவிக்கும் சொல்லலாம் அல்லவா?

நீங்கள் ஏன் சொல்லத் தயங்குகிறீர்கள் என்பதும் எனக்குப் புரிகிறது. நம்பிக்கை கொடுத்துப் பொய்த்தால் பழி, பயமுறுத்திப் பிழைத்தாலும் பழி. உறவினர் கை நீட்டுகிற ஊர் இது; உங்களைக் காக்க 2008-ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ‘ஸ்டேபிள்’ என்பது யாரும் உங்களைப் பிடிக்க முடியாத சொல். நாளை எது நடந்தாலும் இன்று சொன்னது உண்மையாகவே இருக்கும். கூடவே நேரம்: உள்ளே ஆட்கள் உங்களுக்காகக் கிடக்கும்போது வாசலில் ஒரு குடும்பத்துக்கு எத்தனை நிமிடம் கொடுக்க முடியும்? ஆனால் நான் கேட்பது நீண்ட விளக்கம் இல்லை. இன்னும் மூன்று வாக்கியம்.

“இப்ப ரொம்ப மோசமான நிலைமையிலதான் இருக்கார். நேத்துக்கும் இன்னைக்கும் மாற்றம் இல்லை. மெஷினும் மருந்தும்தான் பிபியைப் பிடிச்சு வெச்சிருக்கு. அதைக் குறைக்க முடிஞ்சாதான் தேறுறார்னு அர்த்தம்.” இதைச் சொல்ல ‘ஸ்டேபிளா இருக்கார்’ என்பதைவிடச் சில நொடிதான் கூடுதலாகும். இதில் ஆறாம் வகுப்பு படித்தவருக்குப் புரியாத சொல் எதுவும் இல்லை. மறுநாள் நாங்கள் கேட்கும் கேள்வியும் மாறிவிடும். “எப்படி இருக்கார்?” என்று கேட்க மாட்டோம். “மருந்தைக் குறைச்சீங்களா டாக்டர்?” என்று கேட்போம். உங்களுக்கும் அது பதில் சொல்ல எளிய கேள்வி.

நாங்கள் கேட்க நினைத்துக் கேட்காமல் விழுங்கும் கேள்வி ஒன்று உண்டு: “வெளியூர்ல இருக்கிற பிள்ளைகளை வரச் சொல்லணுமா?” கேட்டால் அபசகுனம் என்று அக்காவைப் போன்றவர்கள் வாயைத் திறப்பதில்லை. அதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள். “யாராவது தூரத்துல இருந்தா இன்னைக்கே கிளம்பச் சொல்லுங்க.” பிழைத்து வந்துவிட்டால் டிக்கெட் பணம் போனதைப் பற்றி எந்தக் குடும்பமும் உங்களிடம் சண்டைக்கு வராது.

ஹவுஸ் சர்ஜன் தம்பி தங்கைகளே, இரவு 2 மணிக்கு அந்தக் கதவருகே மாட்டிக்கொள்கிறவர்கள் நீங்கள். பெரிய டாக்டர் என்ன நினைக்கிறார் என்று தெரியாது, ஏதாவது சொல்லவும் வேண்டும், அந்தச் சொல் நாக்கில் வந்துவிடும். 2019-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து எம்பிபிஎஸ் படிப்பில் நோயாளியோடு பேசும் முறையும் பாடமாகிவிட்டது. எங்களைவிட நன்றாக உங்களுக்குத் தெரியும். கெட்ட செய்தி சொல்வதற்காக 2000-ல் பெய்ல், பக்மன் ஆகியோர் வகுத்த ‘ஸ்பைக்ஸ்’ முறையின் ஆறு படிகளில் இரண்டாவது படி, நீங்கள் பேசும் முன் அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்பது. இந்த ஒரு படியை மட்டும் இரவு 2 மணிக்கு எடுத்துப் பாருங்கள். “இதுவரைக்கும் உங்ககிட்ட என்ன சொல்லியிருக்காங்க?” என்று கேளுங்கள். “ஸ்டேபிள்னு சொன்னாங்க, நாளைக்கு வார்டுக்கு மாத்திடுவாங்கல்ல?” என்று பதில் வரும். திருத்த வேண்டியது எது என்று அப்போது தெரிந்துவிடும். எதுவும் தெரியாவிட்டால் “இப்ப சொல்ல முடியலம்மா, காலையில 8 மணிக்குப் பெரிய டாக்டர் சொல்வார்” என்பதே நேர்மையான பதில்.

நர்சுகளிடம் கேட்பது வேறு. நோயாளியைப் பற்றிய முடிவைச் சொல்ல உங்களுக்கு அனுமதி இருக்காது, தெரியும். ஆனால் குழாய்களைக் காட்டிப் பேசலாம். பார்வையாளர் நேரத்தில் கட்டிலருகே நிற்கும் மனைவியின் கண் முகத்தின் மேல்தான் இருக்கும். பம்ப்பைப் பார்க்கத் தெரியாது. “இது மூச்சுக்கு, இது பிபிக்கு, இது நேத்தைவிடக் கூட ஓடுது” என்று விரலால் காட்டினால் போதும், அவர் புரிந்துகொள்வார். சமையலறையில் அடுப்பைக் கூட்டிக் குறைத்தே வாழ்ந்த கை அது.

மருத்துவமனை நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவசரப் பிரிவில் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நோயாளிகளைப் பிரிக்கும் முறை நம் அரசு மருத்துவமனைகளிலேயே வந்துவிட்டது. வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்கும் நாள்தோறும் ஒரு சின்னத் தாள் கொடுக்கலாம். நான்கு வரி போதும்: இன்றைய நிலை, நேற்றிலிருந்து என்ன மாற்றம், என்னென்ன தாங்கிப் பிடித்திருக்கிறது, அடுத்து எப்போது யார் பேசுவார். தமிழில் இருக்க வேண்டும். டாக்டர் டிக் அடித்தால் போதும் என்பது போல அமைக்கலாம். போனில் படித்துக் காட்டவும், படம் எடுத்துக் குவைத்துக்கு அனுப்பவும் அது உதவும். சொல் வாய் மாறி வாய் மாறி ‘தேவலையாம்’ ஆவதற்கு வழி இருக்காது. எந்த மருத்துவமனையாவது தொடங்க முன்வந்தால் சொல்லுங்கள். அந்த நான்கு வரியை எழுதிக்கொடுக்க நான் வருகிறேன். எனக்குக் கூலி எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
ஐசியூ வாசலில் காத்திருந்தவர்களில் ஒருத்தி